கட்டி வைத்த பாகற்காய்

மகள் வீட்டு மொட்டை மாடியில், பைகளில் மண் நிரப்பி இந்த வருஷம்தான் நானும் காய்கறி போடத் தொடங்கியிருக்கிறேன். கத்தரி சுமார்தான். பாகல் மட்டும் நேற்று முதல் காயைக் காட்டியது. விரலால் லேசாக இழுத்துப் பார்த்தேன். துணி காயப்போட வந்த மகள், "என்னம்மா, காய் கழண்டு வந்துருமாக்கும்?" என்று சிரித்தாள். காரணம் சொல்ல வெட்கமாக இருந்தது. எழுதுவதில் அவ்வளவு வெட்கமில்லை.

எங்கள் அப்பாவுக்குத் தோணி வேலை. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போகிற பாய்மரத் தோணி. காற்றுக் காலத்தில் தோணிகள் ஓடாது. அப்போதுதான் அப்பா வீட்டில் இருப்பார். நான் மூன்றாம் வகுப்பு படித்த வருஷம், காற்றுக் காலம் பிறக்கும் முன், சித்தப்பா போன தோணி திரும்பி வரவில்லை. தம்பியைக் கொண்டுபோன கடலுக்கு அண்ணனும் போகக்கூடாது என்று அம்மா அழுது பிடிவாதமாக நின்றாள். கரையில் பிழைக்க அப்பாவுக்கு ஒரு வேலையும் தெரியாது. பல நாள் சண்டைக்குப் பிறகு ஒருநாள் சொன்னார்:

"பொறவாசல்ல பாகக்கொடி போடுதேன். மாதா கோயில் கொடியேத்துக்குள்ள ஒரு காய் காய்ச்சாலும் கரையிலயே கெடக்கேன். இல்லன்னா தோணிக்குப் போயிருவேன். பொறவு அழக்கூடாது, பாத்துக்க ளா."

மேற்கேயிருந்து ஒரு வண்டி செம்மண் வந்தது. அப்பா போட்ட பந்தலைப் பார்க்கத் தெருவே கூடிற்று. பாய் கட்டுகிற கயிற்றால் நாலு பக்கமும் இழுத்துக் கட்டியிருந்தார். புயல் அடித்தாலும் அசையாது. அதில் ஏறத்தான் கொடி வரவேண்டும். கொடி வந்ததும் உரம் போட வேண்டுமே என்று, அம்மா கருவாடு கழுவிய தண்ணீரை வீணாக்காமல் அப்பா தினமும் வேரில் ஊற்றினார். மீன் வாடை பட்ட தண்ணீர், செடிக்கு நல்லது என்பது அவர் கணக்கு. இலைகள் ஓரத்தில் கருகின. கூடையில் காய்கறி விற்க வந்த அக்கா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அண்ணாச்சி, கொடியவும் உப்புப் போட்டுக் கருவாடாக்குதியளா?"

அன்றிலிருந்து அம்மா, தூரத்துக் கிணற்றிலிருந்து தலையில் சுமந்து வந்த நல்ல தண்ணீரை அதற்கு ஊற்றினாள். எங்களுக்குக் குடிக்க அளந்துதான் கிடைத்தது. கொடி பிழைத்தது. பூத்தது. பூவெல்லாம் உதிர்ந்தது.

மாதா கோயில் கொடியேற்றுக்கு முந்தின நாள் அம்மா சந்தையில் ஒரு பாகற்காய் வாங்கினாள். காம்பு நீளமாக இருப்பதாகத் தேடித் தேடி எடுத்தாள். அப்பா கடற்கரைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, பச்சை நூலால் அதைக் கொடியில் கட்டினாள். "அப்பாட்ட மூச்சு விட்டே, தொலிய உரிச்சிருவேன்" என்றாள். நான் மூச்சு விடவில்லை.

விடிந்ததும் எனக்கு விழிப்பு வந்தது. பின்வாசலில் அப்பா நின்றிருந்தார். அம்மா போட்ட முடிச்சு நெகிழ்ந்து, காய் விழப்போவதுபோலத் தொங்கியது. அப்பா நூலை விரலால் தடவினார். அம்மா படுத்திருந்த அடுப்படிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு அம்மாவின் முடிச்சை அவிழ்த்து, அதே நூலில் தோணிக்காரர்கள் போடும் சின்ன முடிச்சாகப் போட்டு இறுக்கிவிட்டு, ஓசையில்லாமல் வந்து பாயில் படுத்துக்கொண்டார்.

சற்று நேரத்தில் அம்மா கூவினாள். "ஏங்க, இங்கன வாங்களேன்! காய்ச்சிருக்கு!"

அப்பா கண்ணைக் கசக்கிக்கொண்டே போனார். "அட, ஆமா! இம்புட்டுப் பெரிசா? நேத்து காணலியே!"

"எலைக்குள்ள மறஞ்சு கெடந்திருக்கும்."

"இருக்கும், இருக்கும்."

இரண்டு பெரியவர்களும் இப்படிக் கூசாமல் பொய் சொல்கிறார்களே என்று எனக்கு இருந்தது.

அன்று சாயங்காலம், காற்றுக் காலம் முடிந்ததும் ஓடப்போகும் தோணிக்கு அப்பாவைக் கூப்பிட, தோணியை நடத்துகிற தண்டல் வந்தார். அப்பா அவரைப் பந்தலடிக்குக் கூட்டிப்போனார். "காய்ச்சிட்டுல்லா. வீட்ல வாக்குக் குடுத்துட்டேன். நீரு வேற ஆளப் பாரும்."

தண்டல் காயை உற்றுப் பார்த்தார். அவர் அப்பாவின் தோளில் கைவைத்து, "முடிச்சு நல்லா விழுந்திருக்கு வே. அவுறாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா தெருமுனை வரை அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு அப்பா கடலுக்குப் போகவேயில்லை. துறைமுகத்தில் சரக்கு அடுக்கும் கிட்டங்கியில் கடைசி வரை மூட்டை தூக்கினார்.

தண்டல் போனபின் அம்மா காயை நூலோடு கொடியிலிருந்து அறுத்து அடுப்படிக்குக் கொண்டுவந்தாள். நூலைப் பிரிக்க நகத்தைக் கொடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வெளிச்சத்தில் பிடித்து, முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"என்னம்மா?" என்றேன்.

"ரொம்பக் கசப்பு ளா" என்றாள்.

அவள் அதை வாயில் வைக்கவே இல்லை. பாகற்காய் கையில் பட்டாலே கண்ணைக் கரிக்கும்போல என்று நினைத்து, நான் வெகுகாலம் அதைத் தொடாமலே இருந்தேன்.