எந்தக் காத்து என்று கேட்டவர்

ராஜவேலு இறந்துவிட்ட செய்தி அவருடைய எண்ணிலிருந்தே எனக்கு வந்தது. ஸ்ரீமுஷ்ணத்தில் நான் வேலை பார்க்கும் பள்ளியில் அப்போது மதிய இடைவேளை. கைபேசியில் 'ஏசி ராஜவேலு' என்று பெயர் தெரிந்ததும், வண்டியைக் கொண்டுவரச் சொல்லித்தான் கூப்பிடுகிறார் என்று எண்ணி, "சொல்லுங்க, இந்த ஞாயித்துக்கிழமை கொண்டாந்துடறேன்" என்றேன்.  அந்தப் பக்கம் மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. பிறகு அவர் மனைவி மல்லிகாவின் குரல் வந்தது.

"டீச்சர், அவரு போயிட்டாருங்க. காலையில டீ குடிச்சிட்டு நெஞ்சு அடைக்குதுன்னாரு. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிபோச்சி. இந்தப் போனுல இருக்கறவங்களுக்கெல்லாம் நானே ஒவ்வொருத்தரா சொல்லிக்கிட்டிருக்கறேன்."

விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டைக்குப் போகும் சாலையில் இருந்த அவருடைய பட்டறை உங்களில் பலருக்குத் தெரியும். கார் ஏசியைத் தவிர வேறெதையும் தொடமாட்டார். 'நாளைக்கு வாங்க' என்று கூசாமல் சொல்வார். அந்த நாளை எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது. ஒருமுறை மூன்று பேரை ஒரே நேரத்துக்கு வரச் சொல்லிவிட்டுத் தம் பைக்கை எடுத்துக்கொண்டு எங்கோ போய்விட்டார். நாங்கள் மூவரும் பெஞ்சில் உட்கார்ந்து அவரைத் திட்டித்திட்டி நண்பர்களாகிவிட்டோம். ஆனால் ஒரு வண்டியின் உள்ளே தலையை நுழைத்துவிட்டால் அவர் வேறு ஆள். பக்கத்தில் யாரும் பேசக்கூடாது. கண்ணை மூடி, டேஷ்போர்டில் காதை வைத்துக்கொண்டு அப்படியே கிடப்பார். பார்க்கிறவர்களுக்கு, உள்ளே யாரோ சொல்வதை அவர் கேட்டுக்கொண்டிருப்பது போலத் தோன்றும்.

நான் முதலில் அவரிடம் போனது, செகண்ட் ஹேண்டில் வாங்கிய என் வண்டியில் ஏசி சரியாக வேலை செய்யவில்லை என்பதற்காக. ஓடும்போது குளிரும், நின்றால் சூடான காற்று வரும். கம்பிக்கூடு போல முன்னால் இருக்கும் கண்டன்சரின் விசிறி சுற்றவில்லை என்று உடனே கண்டுபிடித்தார். "அது ஒண்ணு. ஆனா கேஸும் கம்மியா இருக்குது. கேஸு எங்கயும் காணாம போவாது டீச்சர். எந்த வழியா போச்சின்னு பாக்கணும்" என்றார். குழாய்க்குள் ஏதோ சாயத்தை ஏற்றிவிட்டு, ஷட்டரை முழுவதும் இறக்கினார். வெளியே உச்சி வெயில். உள்ளே ஒரே இருட்டு. ஊதா நிற வெளிச்சம் தரும் ஒரு டார்ச்சை அவர் பானெட்டுக்குள் அடித்தபோது, ஒரு குழாய் இணைப்பில் மட்டும் பச்சை நிறத்தில் ஒரு கசிவு ஒளிர்ந்தது. சாயம் பட்டிருந்த அவருடைய விரல்களும் ஒளிர்ந்தன. முகம் தெரியவில்லை. அந்த இருட்டில் பச்சை விரல்கள் ஐந்து என் பக்கம் நீண்டு, "இதோ, இங்கதான்" என்று காட்டின.

அன்றைக்கு அவர் சரிசெய்து கொடுத்த ஏசி பனி போலக் குளிர்ந்தது. நல்லூரில் கட்டிக்கொடுத்திருந்த என் தங்கை சுமதி அப்போது ஏழு மாதம். அவளை விருத்தாசலம் ஆஸ்பத்திரிக்குச் செக்கப்புக்கு அழைத்து வருவதும் திரும்பக் கொண்டுபோய் விடுவதும் என் வேலை. வெயில் கொளுத்திய மாதங்கள். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஏசியை முழுதாக வைத்துக்கொண்டு போவோம்.

ஒருநாள் ரயில்வே கேட் மூடியிருந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு கரும்பு லாரி. சரக்கு ரயில் முடிவில்லாமல் போய்க்கொண்டிருந்தது. முன்சீட்டில் என் பக்கத்தில் இருந்த சுமதி, திரும்பாமலே, சாதாரணமாகக் கேட்டாள்: "அக்கா, பின்னாடி உக்காந்திருக்கறவரு யாரு?"

பின்னால் யாரும் இல்லை. கண்ணாடியில் பார்த்தேன்; காலி சீட்டுதான். ஆனால் அவள் அப்படிக் கேட்டதைவிட என்னைக் கலங்க வைத்தது வேறொன்று. அவள் கேட்பதற்குச் சற்று முன்பிருந்தே என் சீட்டின் முதுகில் யாரோ முழங்காலை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருப்பதாக எனக்கும் பட்டுக்கொண்டிருந்தது. தலை விண்ணென்று வலித்தது. வாயைத் திறந்து பதில் சொல்லக்கூடச் சோம்பலாக இருந்தது. சுமதி தானாகவே கண்ணாடியை இறக்கினாள். வெயிலும் புழுதியும் உள்ளே வந்தன. கேட் திறந்தது. இருவரும் அதைப் பற்றி அதன்பின் பேசவில்லை.

அடுத்த முறையும் அதே போல நடந்தது. இந்த முறை ஆஸ்பத்திரிக்கு எதிரே, நிழலில் வண்டியை ஓடவிட்டபடி காத்திருந்தபோது. மருந்து வாங்கப் போன நான் திரும்பி வந்தபோது, சுமதி கண்ணைத் திறந்தபடி என்னைப் பார்த்தாள்; ஆனால் நான் யார் என்று அவளுக்குத் தெரியவில்லை. வெளியே இறக்கி உட்கார வைத்ததும் வாந்தி எடுத்தாள். கர்ப்பக்காரிக்கு வாந்தி என்ன புதுசா என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். நல்லூரில் அவள் மாமியார் அதை ஏற்கவில்லை. "அந்த வண்டிய யாரு வச்சிருந்தாங்களோ, என்னா ஆனாங்களோ. புள்ளத்தாச்சிக்குக் காத்து புடிச்சிருக்குது. இனிமே அதுல ஏத்தாத" என்றார்.  நானும் அந்த முழங்காலை உணர்ந்தவள்தானே.

வண்டியை விற்றுவிடலாம் என்று முடிவு செய்து, வாங்குவதற்கு ஆள் யாராவது தெரியுமா என்று கேட்கத்தான் ராஜவேலுவிடம் போனேன். ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டார். வெட்கத்தோடு சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

"தல வலிச்சிதா?"

"வலிச்சுது."

"வண்டி நிக்கறப்ப மட்டுந்தானா?"

"ஆமா."

"அந்தம்மா சொன்னது சரிதான் டீச்சர். காத்துக் கோளாறுதான். எந்தக் காத்துன்னுதான் பாக்கணும்."

வண்டியைப் பட்டறை வாசலில் நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டார். எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டுப் பின்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். "நான் தூங்குறாப்பல தெரிஞ்சா கதவத் தொறந்துடுங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். பகல் பதினொரு மணி இருக்கும். சாலையில் பஸ் போய்க்கொண்டிருந்தது. எதிர்க் கடையில் பரோட்டாவுக்கு மாவு அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் கண்ணாடிக்கு வெளியே நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு அவர் முகம் மெல்ல இடப்பக்கம், காலியாக இருந்த பாதி சீட்டின் பக்கம் திரும்பியது. உதடுகள் அசைந்தன. நிறுத்தினார். யாரோ பேசி முடிக்கக் காத்திருப்பவர் போலத் தலையை ஆட்டினார். மறுபடி பேசினார்.

நான் கதவைப் பிடித்து இழுத்துத் திறந்தேன். வெளியே வந்தவர் நிற்க முடியாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பட்டறையை ஒட்டியிருந்த வீட்டிலிருந்து மல்லிகா ஓடிவந்து தண்ணீர் கொடுத்தார். நெடுநேரம் கழித்து, "கலியமூர்த்தி" என்றார்.

கலியமூர்த்தி யார் என்று அன்றுதான் சொன்னார். ஏசி வேலைக்கு வருவதற்கு முன், ராஜவேலு தொழிற்பேட்டையில் ஒரு பீங்கான் சூளையில் வேலை செய்தவர். கலியமூர்த்தி அவருடைய ஷிப்ட் கூட்டாளி. ஓர் ஐப்பசி மழையில், சாரல் அடிக்கிறதென்று கொட்டகையின் தகரக் கதவுகளை எல்லாம் சாத்திவிட்டார்கள். சற்று நேரத்தில் கொட்டகைக்குள் மூன்றாவதாக ஒருவன் நடமாடுவதாக இருவருக்குமே தோன்றியது. ராஜவேலு பயந்துபோய் மழையில் ஓடினார். கலியமூர்த்தி கதகதப்பாக இருக்கிறதென்று சூளைச் சுவரோரம் படுத்தான். எழுந்திருக்கவே இல்லை. முகம் மட்டும் தூங்குகிறவனைப் போல நல்ல சிவப்பாக இருந்ததாம். சரியாக எரியாத புகையில் வாசனையே இல்லாத ஒரு விஷம் உண்டு, அது மூளைக்குப் போனால் இல்லாத ஆளெல்லாம் தெரியும் என்று பிறகு வந்த டாக்டர் சொன்னார்.

"இப்ப பக்கத்துல வந்து உக்காந்தான் டீச்சர். அன்னிக்குப் போட்டிருந்த அதே சட்ட. உள்ள புகை வருதுங்கறதுக்கு எனக்கு அதுக்கு மேல சாட்சி வேணாம். ஆனா எந்த வழியா வருதுன்னு உங்களுக்குக் காட்டணும்."

மல்லிகா வீட்டிலிருந்து தணலும் சாம்பிராணியும் கொண்டுவந்தார். ராஜவேலு பானெட்டைத் திறந்து, இன்ஜினுக்குப் பின்னால் சாம்பிராணித் தட்டை வைத்து, ஏசி விசிறியை மட்டும் போட்டார். பானெட்டை மூடினார். அதற்குள் தெருவில் போனவர்கள் கூடிவிட்டார்கள். பேய் ஓட்டுகிறார்கள் என்று நினைத்து ஒரு பெண் கன்னத்தில் போட்டுக்கொண்டார். காருக்குள் யாரும் இல்லை. எல்லாக் கதவுகளும் மூடியிருந்தன. டேஷ்போர்டில் காற்று வரும் ஓட்டைகள் நான்கிலிருந்தும் வெள்ளை வெள்ளையாகப் புகை இழைகள் வெளியே வந்தன. வளைந்து, சீட்டுகளின் மேல் ஏறி, பின்சீட்டில் போய் மெல்லத் தங்கின.  கோளாறு என்ன என்று தெரிந்த பிறகும் என்னால் அந்தப் பின்சீட்டை நேராகப் பார்க்க முடியவில்லை.

அவர் விளக்கியது இதுதான். இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் குழாயின் இணைப்பில் கசிவு. பானெட்டின் பின்விளிம்பில் இருக்கவேண்டிய ரப்பர் பட்டையே இல்லை. வெளிக்காற்றை அடைக்கிற பட்டனை அமுக்கினால் விளக்கு எரிகிறதே தவிர, உள்ளே மூடி மூடுவதில்லை. ஆகவே வண்டி நிற்கும்போது கசிகிற புகையை ஏசியே உறிஞ்சி எங்கள் முகத்தில் ஊதியிருக்கிறது. இதைச் சொல்லிவிட்டுச் சாம்பிராணித் தட்டை எடுத்துக் கீழே வைத்தார்.

"போன தடவ இன்ஜின்ல டிக்கு டிக்குன்னு ஒரு சத்தம் எனக்குக் கேட்டுச்சி. அது நம்ம வேல இல்லன்னு வுட்டுட்டேன். நல்லா வேற குளிர வச்சிக் குடுத்துட்டேன். குளிரலன்னா நீங்க கண்ணாடிய எறக்கியிருப்பீங்க."

அவர் குரல் உடைந்ததை அன்று ஒருமுறைதான் கேட்டேன். "மொதல்ல தங்கச்சிய ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போங்க. புகைய சுவாசிச்சிருக்குதுன்னு டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க. வண்டி இங்கயே கெடக்கட்டும்" என்று சொல்லி, தெரிந்த ஆட்டோவைப் பிடித்து அனுப்பினார். ஆஸ்பத்திரியில் சுமதிக்கு ஆக்சிஜன் வைத்து, படுக்க வைத்துக் கண்காணித்தார்கள். குழந்தையின் இதயத்துடிப்பு நன்றாக இருந்தது. உரிய காலத்தில் எடை சற்றுக் குறைவாக ஒரு பெண் குழந்தை பிறந்தாள். இன்று எங்கள் வீட்டில் அதிகமாகச் சத்தம் போடுகிறவள் அவள்தான்.

அவர் வண்டியைத் திருப்பித் தந்த அன்று சுமதியும் உடன் வந்திருந்தாள். பக்கத்துப் பட்டறைக்காரரை வைத்து இன்ஜின் கசிவை அடைத்து, புது ரப்பர் போட்டு, உள்மூடியையும் மாற்றியிருந்தார். மறுபடி சாம்பிராணி வைத்துக் காட்டினார்; ஓர் இழை கூட உள்ளே வரவில்லை. அப்போதுதான் சுமதி, என்னிடம்கூடச் சொல்லாத ஒன்றை அவரிடம் சொன்னாள்.

"அண்ணே, அன்னிக்கு கேட்டுல நானா கண்ணாடிய எறக்கல. பின்னாடி இருந்தவருதான் சொன்னாரு. எறக்கு, எறக்குன்னு காதுகிட்ட வந்து சொன்னாரு."

ராஜவேலு கையைத் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார்.

"எனக்கும் அதயேதாம்மா சொன்னான். கதவத் தொறடா, வெளிய போன்னான். நீ வரலியாடான்னு கேட்டுக்கிட்டு இருந்தேன். அதுக்குள்ள டீச்சர் தொறந்துட்டாங்க."

அப்படியென்றால் அது என்ன அண்ணே என்று கேட்டாள் சுமதி. "காத்து எந்த வழியா வருதுன்னு எனக்குச் சொல்லத் தெரியும். வந்து என்னா சொல்லும்னு எனக்குத் தெரியாது" என்றார். பிறகு எங்களை அனுப்பிவிட்டு, காத்திருந்த இன்னொரு வண்டியின் டேஷ்போர்டில் காதை வைத்துப் படுத்துக்கொண்டார்.

அவருடைய காரியத்துக்குப் போய்வந்த வாரத்தில் எட்டாம் வகுப்புப் பெண்கள் சிலர் முகம் வெளுத்து என்னிடம் ஓடிவந்தார்கள். பூட்டிக் கிடக்கும் பழைய ஆய்வக அறைக்குள் யாரோ இருமுகிறார்களாம். முன்பென்றால், "அதெல்லாம் ஒண்ணுமில்ல, போய்ப் படிங்க" என்று அதட்டி அனுப்பியிருப்பேன். நானும் அந்தப் பக்கம் போயிருக்கமாட்டேன். அன்று சாவியை வாங்கிக்கொண்டு போனேன். கதவுகளையும் ஜன்னல்களையும் திறந்துவைத்தேன். பெண்களை வெளியே காற்றோட்டமான இடத்தில் நிறுத்திவிட்டு, கண்ணை மூடிச் சுவரில் காதை வைத்தேன். அப்படிச் சத்தம் போடப் புறாக்கள் இல்லை. தண்ணீர்க் குழாய் அந்தப் பக்கம் போகவே இல்லை. கூரை ஓடும் அசையவில்லை.

இருமல் கேட்டது. நான் காதை எடுக்கவில்லை. அது எந்த வழியாக வருகிறது என்று இன்றுவரை தெரியவில்லை. நாளைக்கும் போய்ப் பார்ப்பேன். ராஜவேலுவிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது இதுதான்.