பதினெட்டாயிரத்துக்காரன்

அன்று வில்லேஜ் ஆபீசில் இருந்தவர்கள் நான்கு பேர்: நான், என் மனைவி பேச்சி, என் முதலாளி ஆறுமுகம் அண்ணாச்சி, மேசைக்கு அந்தப் பக்கம் ஆபீசர் மேடம். திருவனந்தபுரத்துக்கு வந்து பதினோரு வருசம் ஆகியும், நகரத்தின் நடுவில் பஸ் இரைச்சலுக்குள் 'வில்லேஜ்' என்று போர்டு மாட்டியிருப்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊர் நிஜமாகவே கிராமம். அங்கே இப்படி ஓர் ஆபீசுக்குள் நான் கால் வைத்ததே கிடையாது. எட்டாம் வகுப்போடு நின்றவன் நான், எந்தக் காகிதத்தையும் படிக்காமலே மடித்துப் பையில் வைத்துவிடுவேன்.

போனது வருமானச் சான்றிதழுக்கு. கரமனையில் நாங்கள் இருக்கும் ஒற்றை அறையை வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். ஊருக்கே திரும்பி வந்தால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். மகள் இங்கே மலையாளத்தில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள், நடுவில் எங்கே பிடுங்கி நடுவது? வருமானம் குறைந்தவர்களுக்கு அரசாங்கம் குறைந்த வாடகைக்குப் பிளாட் கொடுக்கிறது, மாதம் பதினைந்தாயிரத்துக்குள் இருக்க வேண்டும் என்றார்கள். என் சம்பளம் பதிமூன்றாயிரத்து ஐந்நூறு. சம்பளம் குறைவு என்று முதல் தடவையாகச் சந்தோஷப்பட்டேன். உடனே பயமும் வந்தது. தீபாவளி போனஸைச் சேர்ப்பார்களோ? பழைய சாக்கு விற்ற காசைக் கேட்பார்களோ? எதற்கும் இருக்கட்டும் என்று காலர் கிழிந்த சட்டையைப் போட்டுக்கொண்டேன்.

அண்ணாச்சிக்குச் சாலைக் கடைத்தெருவில் அரிசி மொத்தக் கடை. மூட்டை எண்ணி இறக்குவது என் வேலை. எங்கள் பக்கத்து முதலாளிமாருக்கு வேலையாளின் சம்பளம் என்பது கடையின் கௌரவம். ஊருக்குப் போனால் அண்ணாச்சி, "நம்ம கடையில நல்லா வாங்குதான்" என்பார், நானும் பக்கத்தில் நின்று தலையாட்டுவேன். சம்பளக் கடிதத்தை இங்கிலீஷில் டைப் செய்து, உறையை ஒட்டிக் கொடுத்தார். பிரித்துப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. போதாததற்கு, "நீ உளறிருவ" என்று கஞ்சி போட்ட வேட்டியில் கூடவே வந்துவிட்டார். என் சட்டையைப் பார்த்ததும், "ஏல, கடைப் பேரக் கெடுக்கணும்னே இப்படி வந்தியா?" என்றார்.

மேடம் உறையைப் பிரித்தார். "சம்பளம் எத்ரயா?"

"பதிமூன்றாயிரத்து ஐந்நூறு, மேடம்."

கடிதத்தை என் பக்கம் திருப்பினார். "இதில் பதினெட்டாயிரம் ஆணல்லோ. ஏதாணு சரி?"

பதினெட்டு என்றால் வீடு போச்சு. பதிமூணரை என்றால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் முதலாளி பொய்யர், வேலை போச்சு. நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். "கையில பதிமூணரைதான் மேடம். பாக்கி மத்தியானச் சோறு, காப்பி. சேத்துப் பாத்தா பதினெட்டு. நம்ம கடையில வெறும் வயித்தோட ஒருத்தனும் வேலை பாத்தது கிடையாது."

"அப்படியா அண்ணாச்சி?" என்றாள் பேச்சி, மரியாதையாகத்தான். "பதினோரு வருசமா நான் தூக்குச்சட்டியில கட்டிக் குடுக்கேம்லா, அத யாரு திங்கா?"

மேடத்துக்குத் தமிழ் முழுக்கப் புரிந்திருக்கிறது. சிரிப்பை மறைக்கக் குனிந்து எதையோ தேடினார். நிமிர்ந்தபோது ஒரு வெள்ளைத்தாளை அண்ணாச்சி பக்கம் தள்ளினார். அண்ணாச்சி பதிமூன்றாயிரத்து ஐந்நூறு என்று தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். "ஊர்ல சொல்லிராதல" என்று என் காதில் சொல்லி, பழைய கடிதத்தை என் பையில் திணித்தார். "இத பத்திரமா வை. பிள்ளைக்குச் சம்பந்தம் பேசும்போது காட்டலாம்."

சான்றிதழ் கிடைத்தது, விண்ணப்பமும் போய்விட்டது. பிளாட்தான் வரவில்லை. வீட்டுக்காரரிடம் ஒவ்வொரு மாதமாகத் தவணை கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஊருக்குக் கொண்டுபோகிற பையில் நான் பதினெட்டாயிரத்துக்காரன், இங்கே ஃபைலுக்குள் பதிமூணரைக்காரன். இரண்டிலும் ஒரே கையெழுத்து.

அண்ணாச்சிக்கு அன்றைக்கே ரோஷம் வந்துவிட்டது. கடைக்குத் திரும்பியதும், சோற்றுக் காசு மாதம் நாலாயிரத்து ஐந்நூறு இனிமேல் என் பேரில் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். ஆனால் கையில் தர மாட்டாராம். "இப்பத் தந்தா உனக்கு வருமானம் கூடிரும்லா, வீடு போயிரும். சாவிய வாங்கிட்டு வா, மொத்தமாத் தாரேன்."

நானும் எவ்வளவோ யோசித்துப் பார்த்தேன், அவர் சொல்வதில் ஒரு தப்பும் அகப்படவில்லை. மாதம் நாலு ஆகிறது. அண்ணாச்சி எனக்குத் தர வேண்டிய பாக்கி, சரியாகப் பதினெட்டாயிரம் ரூபாய்.