கரண்ட் கம்பியில் வந்த படம்

தெருவில் அவளுக்குக் கையாட்டி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சான்றிதழ்களோடு சரி. கடையில் பேரம் பேசும்போதும் கை ஆடும், போனில் பேசும்போதும் கை ஆடும், கோபம் வந்துவிட்டால் பக்கத்தில் நிற்கிறவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வது நல்லது. காரணம் இல்லாமல் இல்லை. அவளைப் பெற்ற இருவருக்கும் காது கேட்காது. "அம்மா" என்று வாயால் சொல்வதற்கு முன்பே கையால் சொன்னவள் அவள்.

அந்த வீட்டில் கேட்கிற காது அவளுடையது மட்டும்தான். குழாய் ஒழுகுகிறதா, கதவை யார் தட்டுகிறார்கள், அடுப்பில் என்ன பொங்குகிறது என்று எல்லாவற்றையும் அவள்தான் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும். வங்கியானாலும் ஆஸ்பத்திரியானாலும் பெற்றோருக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் நின்று அந்தப் பொடிசு கையும் வாயுமாகப் பேசும். வளர்ந்தபின் அதையே முறையாகப் படித்து, சைகை மொழிபெயர்ப்பாளர் ஆனாள்.

வாழ்க்கைப்பட்டது ஒரு டெய்லருக்கு. வீட்டின் முன்னறைதான் அவர் கடை, அதில் மோட்டார் பொருத்திய ஒரு தையல் மெஷின். மனிதர் தங்கம். ஒரே ஒரு வியாதி, புதுச் சாமான் எதைப் பார்த்தாலும் பச்சைக் குழந்தை ஆகிவிடுவார்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. காது கேளாதவர்கள் சிகிச்சைக்கு வந்தால், டாக்டருக்குப் பக்கத்தில் ஒரு திரையில் இவள் தெரிவாள். டாக்டர் பேசுவதைக் கையால் சொல்வாள், நோயாளியின் கைப்பேச்சை வாயால் சொல்வாள். வீட்டிலிருந்தே வேலை! அவள் சின்ன வயதிலிருந்து இலவசமாகச் செய்த வேலைக்கு இப்போது ஒரு நாற்காலியும் மரியாதையும். சந்தோஷத்தில் அன்று அவளுக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

நிபந்தனை ஒன்று இருந்தது. படம் நிற்கக் கூடாது. குரல் விட்டு விட்டு வந்தால்கூட ஊகித்துக்கொள்ளலாம், கை பாதியில் உறைந்துவிட்டால் அர்த்தமே தலைகீழ். பிரசவ வலியில் இருப்பவளுக்கு "முக்காதே" என்பதில் பாதிதான் போய்ச் சேர்ந்தது என்றால் அது "முக்கு" ஆகிவிடும். அதனால் வைஃபை வேண்டாம், கம்பி வழி இணைப்புதான் வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். முதல் அழைப்பு நன்றாகப் போனால் வேலை. சொதப்பினால் வேறு ஆள்.

முன்னறையில் அளவு கொடுக்க வருகிற கூட்டத்தின் நடுவே நோயாளியிடம் பேச முடியுமா? பின்னறைதான் சரி. கதவைச் சாத்தலாம், நல்ல வெளிச்சம். ஆனால் ரௌட்டர் இருப்பது முன்னறையில், நடுவே கோட்டை மாதிரிச் சுவர்கள். வீட்டுக்கார அம்மாளோ ஓர் ஆணி அடித்தாலே நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறவர். சுவரில் துளை போடுவதாவது!

மறுநாள் சாயங்காலம் டெய்லர் கையில் ஒரு பெட்டியோடு, முகமெல்லாம் பல்லாக வந்து நின்றார்.

"இந்தா பாரு, பவர்லைன் அடாப்டர்! ஒண்ணை ரௌட்டர் பக்கத்துல இருக்கற பிளக்ல சொருகணும். இன்னொண்ணை உன் ரூம்ல சொருகணும். அவ்வளவுதான், நெட்டு கரண்ட் கம்பிக்குள்ளயே வந்துடும். துளையும் வேண்டாம், தூசியும் வேண்டாம்!"

"கரண்ட் கம்பியிலயா? ஏங்க, அந்தப் பக்கம் போய்ச் சேரும்போது என் முடியெல்லாம் நட்டுக்கிட்டு நிக்கப் போகுது."

"கிண்டலை அப்புறம் வெச்சுக்கலாம். முதல்ல சொருகு!"

சொருகினார்கள். பச்சை விளக்கு எரிந்தது. அவள் தன் அம்மாவை வீடியோவில் கூப்பிட்டாள். டெய்லர் அவள் தோளுக்கு மேலே கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார். படம் வந்தது பாருங்கள், அம்மாவின் மூக்குத்திக் கல் வரைக்கும் தெரிந்தது! "நேர்ல பார்க்கற மாதிரி இருக்கு" என்று அம்மா கையால் சொன்னாள். புருஷனும் பெண்டாட்டியும் குதிக்காத குறை.

அவர் திருப்தியோடு வேலைக்குத் திரும்பினார். கொஞ்ச நேரத்தில் படம் நின்றுவிட்டது. "ஏங்க, போச்சு!" என்று இவள் கத்த, அவர் தைத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார். வந்து நின்றதும் படம் ஓடியது. அவர் போனதும் மறுபடி நின்றது. வந்தார், ஓடியது.

"பார்த்தியா? நான் வந்தா வருது, போனா போகுது. எல்லாம் என் ராசி!"

அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு நம்பவும் செய்தாள் என்பதுதான் வேடிக்கை.

முதல் அழைப்பு வந்த அன்று டெய்லருக்குத் தலைக்கு மேல் வேலை. ஒரு நாடகக் குழுவின் உடைகள், சாயங்காலம் மேடையேற வேண்டியவை. "நடுநடுவுல வந்து எட்டிப் பார்க்கறேம்மா, பயப்படாதே" என்று சொல்லிவிட்டு முன்னறைக்குப் போனார்.

திரை விரிந்தது. பிரசவ அறை! கட்டிலில் ஓர் இளம்பெண், வியர்த்து விறுவிறுத்துப் படுத்திருந்தாள். முதல் பிரசவம். டாக்டரம்மாவின் வாயை முகக்கவசம் மறைத்திருந்ததால் உதட்டைப் படிக்கவும் வழியில்லை. அந்தப் பெண்ணுக்கு உலகத்தோடு இருந்த ஒரே தொடர்பு இந்தத் திரைதான்.

"கொடி குழந்தை கழுத்துல சுத்தியிருக்கு. நான் சொல்றவரைக்கும் முக்க வேண்டாம்னு சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா.

இவள் கையைத் தூக்கினாள். படம் நின்றது.

அந்தப் பெண்ணின் முகம் வலியோடு அப்படியே திரையில் உறைந்துபோனது. படம் மறுபடி அசைந்தபோது அவள் கைகள் பதறிக் கேட்டுக்கொண்டிருந்தன: "என்ன சொன்னீங்க? முக்கட்டுமா?"

"வேண்டாம்! வேண்டாம்! பொறுங்க!" இவள் கை சொல்லி முடிப்பதற்குள் படம் மறுபடி நின்றது.

அப்போதுதான் இவள் காது விழித்துக்கொண்டது. முன்னறையில் மெஷின் கர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. ஓசை நின்றது, படம் வந்தது. ஓசை எழுந்தது, படம் போனது. ராசியாவது மண்ணாவது! மனிதர் எட்டிப் பார்க்க வந்தபோதெல்லாம் மெஷினிலிருந்து காலை எடுத்துவிட்டு வந்திருக்கிறார்!

மைக்கை அடைத்துவிட்டு வீடே அதிரக் கத்தினாள். "ஏங்க! மெஷினை நிறுத்துங்க!"

"படம் போச்சா? இரு, நான் வந்தா சரியாயிடும்!"

"நீங்க வர வேண்டாம்! உங்க மோட்டார்தான் கம்பியில வர்ற நெட்டைக் கெடுக்குது. பிளக்கைப் பிடுங்குங்க!"

அவர் உடனே பிளக்கைப் பிடுங்கி எறிந்தார். சாயங்கால உடைகள் மெஷினில் பாதித் தையலோடு கிடந்தன. அவர் சக்கரத்தைக் கையால் சுற்றி, ஒவ்வொரு தையலாகப் போட ஆரம்பித்தார்.

"வந்துட்டேன்" என்றன அவள் கைகள். "இனிமே போக மாட்டேன். என்னையே பாருங்க. முக்காதீங்க. மூச்சு மட்டும் விடுங்க."

அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். டாக்டரம்மாவின் விரல்கள் கொடியை விடுவித்தன. "இப்போ!" என்றார். "இப்போ!" என்று இவள் உடம்பே எழுந்து சொன்னது. முக்கு, இன்னும், இன்னும், விடாதே! இவளும் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து சேர்ந்து முக்கினாள்.

குழந்தை பிறந்தது. பெண் குழந்தை.

நர்ஸ் அதைத் தூக்கிக் காட்டினாள். அறையில் எல்லோர் முகமும் மலர்ந்தது. பெற்றவளுக்கு மட்டும் குழந்தையின் திறந்த வாய்தான் தெரிந்தது. அவள் சட்டென்று திரைப்பக்கம் திரும்பி, கையால் கேட்டாள்.

"அழுறாளா?"

"அழுறாளாவா? ஊரையே கூட்டுறா!"

"எப்படி? காட்டுங்க."

கையாட்டி இரண்டு கைகளையும் நெஞ்சிலிருந்து விரித்து மேலே வீசினாள். குழந்தை மூச்சு வாங்கியபோது அவள் கைகளும் நின்றன. அது மறுபடி வீறிட்டபோது அவையும் மறுபடி எழுந்தன. கண்ணில் நீர் முட்டியது, துடைக்கக் கை ஏது? படம் ஓர் இமைப்பொழுதும் நிற்கவில்லை. பெற்றவள் மகளை மார்போடு அணைத்துக்கொண்டு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அந்த அழுகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.