ஓரடி பாடி நிறுத்திய ஜீவமணி

ஜீவமணிக்குக் கட்டைக் குரல். சாத்தான்குளம் பக்கம் செம்மணல் தேரிக்காட்டுச் சிற்றூர் ஒன்றில் அவள் அப்பா வேதக்கோயில் உபதேசியார். அங்கே கோயிலுக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு எழுத்துத் தெரியாது. பாட்டுப் புத்தகம் எதற்கு? உபதேசியார் ஓரடி பாடி நிறுத்துவார். சனம் அந்த அடியை வாங்கித் திருப்பிப் பாடும். அப்பாவுக்குத் தொண்டை போன வருஷம், பக்கத்து ஊர் நாசரேத்தில் மிஷன் போர்டிங்கில் படித்துவிட்டு வந்திருந்த ஜீவமணி அந்த வேலையை எடுத்துக்கொண்டாள். அவள் குரல் ஓலைக் கொட்டகையைத் தாண்டி, வெளியே கட்டிப்போட்ட வண்டி மாடு வரைக்கும் போகும். ஒருத்தரும் குறை சொன்னதில்லை.

கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்த பிறகுதான் அது குறை ஆனது. டவுன் கோயிலில் ஆர்கன் உண்டு, கொயர் என்று ஒரு பாடகர் குழு உண்டு, எல்லார் கையிலும் புத்தகமும் உண்டு. கொயரை நடத்தியவர் ஜெபசீலன் வாத்தியார். பொம்பளைக் குரல் என்றால் மெல்லிசாக மேலே நிற்க வேண்டும் என்பது அவர் கட்சி. அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நல்லா முன்வரிசையிலயே நில்லும்மா. ஆனா பாட வேண்டாம். வாய மட்டும் அசை, போதும்."

அசைத்தாள். வருஷக்கணக்காக அசைத்தாள். இடையில் உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்த புருஷன் விஷக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். பிள்ளை இல்லை. நாசரேத்தில் கற்ற ஊசி வேலை சோறு போட்டது. மனசில் கிடந்தது ஒரே ஆசைதான். சனத்துக்கு முன்னால் நின்று, தன் குரலிலேயே, ஒரு பாட்டை முழுசாகப் பாடிவிட வேண்டும். தம்பி செல்வதுரையிடம் மட்டும் அதைச் சொன்னாள். அவன் வெள்ளைக்காரர் கிளப்பில் பட்லர். கேட்டுவிட்டு, கனவு கண்டு எழுந்தவளை முதலில் பல் தேய்க்கச் சொல்கிறவன் மாதிரி அவளைப் பார்த்தான்.

மில் அதிகாரி ஒருவரின் பங்களாவில் துரைசானிக்குக் கவுன் தைக்கப் போவாள். தைக்கிற அறைக்கு அடுத்த அறையில் கிராமபோன் ஓடும். ஒருநாள் ஓடிய தட்டில் ஒரு பெண் பாடினாள். ஜீவமணி மிஷினை நிறுத்திவிட்டாள். அதே கட்டைக் குரல். அடியிலே கிடந்து, வேண்டுமென்றே தாளத்துக்குக் கொஞ்சம் பிந்தி, யாருக்கும் பயப்படாத குரல். அமெரிக்காவில் கறுப்பு சனங்கள் பாடுகிற பாட்டு, ஜாஸ் என்று பெயர், அவள் அங்கே பெரிய பாடகி என்றாள் துரைசானி. இவளை அங்கே யாரும் வாயசைக்கச் சொல்லவில்லை போலிருக்கிறது என்று ஜீவமணி நினைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து ஒரு நாளில் முடிகிற தையலை மூன்று நாள் தைத்தாள். தட்டுகள் அத்தனையும் மனப்பாடமாகிவிட்டன.

சண்டைக் காலம், 1944. கிளப்பில் சனிக்கிழமை சாயங்காலம் டான்ஸ். மதராஸிலிருந்து ரொசாரியோ என்ற கோவாக்காரரின் பேண்டு வந்தது. ஊதுகிறவர்கள், தட்டுகிறவர்கள் எல்லாரும் வந்தார்கள், பாடுகிறவள் வரவில்லை. காய்ச்சலில் மதுரையிலேயே இறங்கிவிட்டாள். ரொசாரியோ தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது, மேடைத் திரைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்த ஜீவமணி ஊசியைத் திரையிலேயே குத்திவிட்டு எழுந்து போய், தான் பாடுவதாக இங்கிலீஷில் சொன்னாள்.

செல்வதுரை ஓடி வந்தான். "யக்கா, என் சோத்துல மண்ணப் போட்டுராத. தொரமாரு இருக்க எடம்."

"சோலியப் பாருல. கேக்கது அவரு, ஒனக்கு என்ன?"

ரொசாரியோ பியானோவில் ஒரு கட்டையைத் தொட்டார். அவள் முதலடியைப் பாடினாள். அவர் வாயில் இருந்த சிகரெட்டின் சாம்பல் சட்டையில் விழுந்தது, தட்டிவிடக்கூட இல்லை. போதும், ஆறு மணிக்கு வா என்றார். ஓரடிக்கு மேல் கேட்காமல் விட்டதுதான் வினை.

ஆறு மணி. கூடம் நிறைய துரைமார், துரைசானிமார். வெளிக்கடலில் நின்ற அமெரிக்கச் சரக்குக் கப்பலிலிருந்து லாஞ்சுப் படகில் கரைக்கு வந்த கறுப்பு மாலுமிகள் ஏழெட்டுப் பேர் வராந்தாவில் நின்றார்கள். அவர்களுக்கு அந்த இடம் வரைக்கும்தான் அனுமதி. கப்பலில் கூடவே வந்த வெள்ளை மாலுமிகளுக்கு உள்ளே நாற்காலி.

வெள்ளைச் சேலை கட்டிய ஒருத்தி மேடை ஏறியதும் கூடத்தில் ஒரு சிரிப்பு ஓடியது. பேண்டு ஆரம்பித்தது. ஆற்றங்கரையில் துணி வெளுக்கிற ஒருத்தி, ஓடிப்போன புருஷனை ஏசுகிற பாட்டு. ஜீவமணி முதலடியை வாய்விட்டுப் பாடினாள். சிரிப்பு அடங்கியது. பாடியவள் நிறுத்திவிட்டாள்.

சனத்துக்கு முன்னால் நின்று வேறு எப்படிப் பாடுவது என்று அவளுக்குத் தெரியாது. ஓரடி கொடுத்தால் சனம் வாங்கும். வாங்கட்டும் என்று நின்றாள். பேண்டு அவளை விட்டுவிட்டு முன்னால் ஓடியது; டிரம்மடிக்கிறவன் திரும்பிப் பார்த்துத் தாளத்தைத் தவறவிட்டான். ரொசாரியோ பல்லைக் கடித்துக்கொண்டு, பாடு பாடு என்றார். யாரோ ஒரு துரை கோழி மாதிரிக் கொக்கரித்தான். மறுபடி சிரிப்பு. செல்வதுரை தட்டோடு சுவரோரம் ஒட்டிக்கொண்டான். தப்பு என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. எட்டு வருஷம் காத்துக் கிடந்த பாட்டு ஓரடியோடு முடிந்தது என்றே நினைத்தாள்.

வராந்தாவிலிருந்து அந்த அடி திரும்பி வந்தது.

ஒருத்தர் குரல் இல்லை, ஏழெட்டுப் பேர் குரல். ஒருத்தன் மேலே, ஒருத்தன் அடியிலே, கையைத் தட்டிக்கொண்டு, தேரிக்காட்டுச் சனம் வாங்குகிற அதே இடத்தில் சரியாக வாங்கினார்கள். ஜீவமணி துரைமாரை விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். இரண்டாவது அடியைக் கொடுத்தாள். வந்தது. மூன்றாவதைக் கொஞ்சம் வளைத்துக் கொடுத்தாள், வளைத்தபடியே வந்தது. ரொசாரியோ விஷயம் தெரிந்தவர். கையைக் காட்டிப் பேண்டைத் தணித்துவிட்டு, அடிக்கும் அடிக்கும் நடுவே டிரம்பெட்டை மெதுவாக விட்டார். கடைசிச் சரணத்தில் உள்ளே இருந்தவர்களும் மேசையைத் தட்டிக்கொண்டு வாங்க ஆரம்பித்தார்கள். கொக்கரித்த துரையும்தான்.

பாட்டு முடிந்ததும் மாலுமிகளில் நரைத்த தலைக்காரர் ஒருத்தர் ஜன்னலுக்கு வந்தார். கப்பலில் சமையல்காரராம். உனக்கு எந்த ஊர்க் கோயில் என்று கேட்டார். ஊர்ப் பேரைச் சொன்னாள். அவருக்கு என்ன தெரியும், இருந்தாலும் தெரிந்த ஊர் மாதிரித் தலையை ஆட்டினார்.

செல்வதுரை பிற்பாடு எல்லாரிடமும், "எங்க அக்காவ நாந்தான் ஏத்திவிட்டேன்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தான்.

ரொசாரியோ அவளை விடவில்லை. மதராஸ், பெங்களூர், கொழும்பு என்று நாலு வருஷம் போனார்கள். விளம்பரத்தில் ஜீன் என்று போடலாம் என்றார்.

"எங்க அப்பா வச்ச பேரு ஜீவமணி. இஷ்டம்னா போடுங்க, இல்லன்னா பேரே வேண்டாம்" என்றாள். போட்டார்கள். ஓரடி பாடி நிறுத்துவதையும் விடவில்லை. ஜீவமணி கச்சேரிக்குப் போனால் நாமும் பாட வேண்டும் என்று கொழும்பு ஓட்டல்களில் பேச்சாகிவிட்டது.

1948இல் கிளப்பிலிருந்து அழைப்பு வந்தது. இப்போது அங்கே நம்மூர்ப் பெரிய மனுஷர்களும் மெம்பர். வராந்தாவில் நிற்கிற சனத்தையும் உள்ளே உட்கார வைத்தால் வருகிறேன் என்று சொல்லி அனுப்பினாள். ஒழுங்கு கெட்டுப்போகும் என்று பதில் வந்தது. சரிதான் போ என்று, தோணித் துறைக்குப் பக்கத்துப் பொட்டலில் மேடை போடச் சொல்லிவிட்டாள். டிக்கெட் கிடையாது.

பொழுது சாயத் தோணிக்காரர்கள் வந்தார்கள், மூட்டை தூக்குகிறவர்கள் வந்தார்கள். உப்பளத்துப் பெண்கள் கால் கழுவக்கூட நேரமில்லாமல் பாதமெல்லாம் வெள்ளையாக வந்து முன்னால் உட்கார்ந்தார்கள். ஜீவமணி துணி வெளுக்கிறவள் பாட்டுக்குத் தானே தமிழில் வார்த்தை போட்டிருந்தாள். ரொசாரியோ டிரம்பெட்டைத் தூக்கினார். அவள் தன் கட்டைக் குரலில் ஆரம்பித்தாள்:

"போறவன் போகட்டும், எனக்குக் கஞ்சி மிச்சம்."

நிறுத்தினாள்.

உப்பளத்துப் பெண்கள் ஒரு கணம் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் வாங்கினார்கள் பாருங்கள், மேடைப் பலகை அதிர்ந்தது. அவள் இரண்டாவது அடிக்கு வாயைத் திறந்தாள். விடவில்லை. அதே அடியைக் கேட்டார்கள். கொடுத்தாள். மறுபடியும் அதையே கேட்டார்கள். ரொசாரியோ டிரம்பெட்டை மடியில் வைத்துக்கொண்டு அவரும் கஞ்சி மிச்சம் என்று பாடிக்கொண்டிருந்தார்.