தண்ணீரில் விடுகிறவர்கள் மட்டும் வரவும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நல்ல படகு எஞ்சினைத் தரையிலேயே உறுமவிட்டுக் கெடுத்தவன் நான். அதுவும் வாங்க வந்தவரின் கண்ணெதிரில், "சவுண்டைக் கேளுங்க சார், சிங்கம்!" என்று சொல்லிக்கொண்டே. பழைய வண்டி வியாபாரத்தில் பல விதமாக அசடு வழிந்திருக்கிறேன். ஆனால் இந்த அசட்டுத்தனத்தைச் செய்ய ஓசூர்க்காரனால்தான் முடியும். கடற்கரை ஊரில் ஒரு குழந்தைகூட இதைச் செய்யாது.

கன்சல்டிங் என்று நாங்கள் சொல்லும் பழைய வண்டித் தரகுத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். லாரி, டிராக்டர், மொபெட் என்று எவ்வளவோ விற்றிருக்கிறேன். விலை போடுவதும் விளம்பரம் எழுதுவதும் என்னவென்று புரிந்தது மட்டும் ஒரு படகில்.

1. டிராக்டர் கணக்கு

பாகலூர் ரோட்டில் என் கடை. இரண்டாயிரங்களின் நடுவில் ஒருநாள் அமலோற்பவம் அம்மா வந்து நின்றார். சிப்காட்டில் டூல் ரூம் ஃபோர்மேனாக இருந்த சூசை சாரின் மனைவி. சார் அதற்கு முந்தைய வருடம் நெஞ்சு வலியில் போய்விட்டார். அவருடைய பைக்கை நான்தான் விற்றுக் கொடுத்திருந்தேன்.

"தம்பி, இன்னொரு வண்டி இருக்குது. விக்கணும்."

"என்ன வண்டிம்மா?"

"படகு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

போய்ப் பார்த்தேன். வாடகை வீட்டின் போர்ட்டிகோவில், தார்ப்பாய்க்கு அடியில், டிரெய்லர்மேல் உட்கார்ந்திருந்தது. வெள்ளையும் நீலமுமாக ஃபைபர் பாடி, பின்னால் வெளிப்பக்கமாகத் தொங்கும் நாற்பது எச்.பி. அவுட்போர்டு மோட்டார். சூசை சார் தூத்துக்குடிப் பக்கம். கடல் இல்லாத ஊரில் வேலை கிடைத்ததை அவர் கடைசிவரை மன்னிக்கவில்லை. சேர்த்த பணத்தையெல்லாம் போட்டு இதை வாங்கி, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், அனுமதி வாங்கிவைத்திருந்த ஓர் ஏரிக்கு இழுத்துப்போவாராம்.

"நீங்களும் ஏறுவீங்களாம்மா?"

"நான் கிருஷ்ணகிரிப் பக்கம். கெணத்துத் தண்ணியத் தவிர எதப் பாத்தேன்? கரையில சாப்பாட்டுத் தூக்கோட உக்காந்திருப்பேன். ஒவ்வொரு வாரமும் கூப்பிடுவாரு, 'வா புள்ள, ஒரு ரவுண்டு'ன்னு. அடுத்த வாரம் பாக்கலாம்னு சொல்லிருவேன்."

சொல்லிவிட்டுத் தார்ப்பாயின் கயிற்றை இழுத்துக் கட்டினார். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது.

மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். கோயம்புத்தூரில் மகள் வீடு மூன்றாம் மாடி. அதற்குள் படகு போகாவிட்டால் வீட்டுக்காரர் பழைய இரும்புக் கடைக்குப் பேசிவைத்திருந்தார். அவர்கள் பாடியை ரம்பத்தால் அறுத்துத்தான் எடுத்துப்போவார்கள். "அறுக்குறத மட்டும் நான் பாக்கமாட்டேன் தம்பி" என்றார் அம்மா.

சரி, விலை? ஓசூரில் படகுக்கு மார்க்கெட் ரேட் யாரிடம் கேட்பது? நானே ஒரு சூத்திரம் கண்டுபிடித்தேன். பழைய நாற்பது எச்.பி. டிராக்டர் என்ன விலையோ, அதில் பாதி. ஏன் பாதி? படகுக்குச் சக்கரம் இல்லை. டிரெய்லருக்குச் சக்கரம் இருந்ததால் அதற்குக் கொஞ்சம் சேர்த்தேன். ஒன்றே முக்கால் லட்சம் வந்தது. இன்றுவரை அந்தச் சூத்திரத்தை வேறு யாரும் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை.

2. ஷோரூம் கண்டிஷன்

அப்போது லோக்கல் கேபிளில், படத்துக்கு அடியில் விளம்பர வரி ஓடும். நான் எழுதிக்கொடுத்தது: "விற்பனைக்கு பவர் போட். 40 எச்.பி. சிங்கிள் ஓனர். ஷோரூம் கண்டிஷன். ஃபேமிலிக்கு ஏற்றது."

போன் அடித்தது. நிறையவே அடித்தது.

"லிட்டருக்கு எவ்ளோ குடுக்கும்?" என்றார் ஒருவர். சூளகிரித் தக்காளி வியாபாரி ஒருவர், "மேட்டுல லோடு இழுக்குமா?" என்று கேட்டார். போர்வெல்காரர் ஒருவர் பழைய கம்ப்ரசரை எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுத்து, மேலே ரொக்கமும் தருவதாகச் சொன்னார். ஒருத்தர் எதையும் கேட்காமல், "நெஜமா படகா? சும்மா தெரிஞ்சுக்கத்தான் போட்டேன்" என்று வைத்துவிட்டார்.

பிறகு வந்தது பெரிய பார்ட்டி. கிருஷ்ணகிரி ஹைவேயில் புது ஓட்டல் கட்டுகிறவர். இரண்டு லட்சம், பேரம் இல்லை. மோட்டாரை வேண்டுமானால் கழற்றிக்கொள்ளுங்கள் என்றார். ஓட்டல் வாசலில் மேடை கட்டி, படகை அதன்மேல் ஏற்றி, உள்ளே டேபிள் போடுவாராம்.

எனக்கு மனக்கண்ணில் கமிஷன் மினுங்கியது. வண்டியை விரட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனேன். அவர் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். கேட்டு முடித்தவர் கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"அதுக்குள்ள உக்காந்து பொரோட்டா திம்பாங்களா?"

"ஃபேமிலி செக்ஷன்மா. ஏ.சி.கூட வெக்கிறாங்களாம்."

"தண்ணி இருக்குமா?"

"மினரல் வாட்டர் இருக்கும்மா" என்றேன். சாமர்த்தியமாகப் பதில் சொன்னதாக எனக்கு நினைப்பு.

அவர் என்னையே பார்த்தார்.

"விளம்பரத்த மாத்துங்க தம்பி. நான் சொல்றத எழுதுங்க. படகு நல்லா இருக்குது. ஓட்டினவரு இல்ல. ஒரு வருசமா தண்ணி பாக்கல. எடது பக்கம் ஒரு கீறல் இருக்குது. தண்ணியில விடுறவங்க மட்டும் வரவும்."

"அம்மா, கீறல நம்மளே சொல்லக்கூடாது. அப்புறம் இப்படிப் போட்டா ஒரு ஈ கூட வராது."

"ஈ எதுக்கு? ஒரு ஆளு போதும்."

கேபிளில் ஓடவிட்டேன். பெங்களூர் பேப்பர் ஒன்றின் வரி விளம்பரத்திலும் போட்டேன். போன் சுத்தமாக நின்றது. கடையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாதக் கடைசிக்கு இரண்டு வாரம் இருந்தபோது ஒரே ஒரு கால் வந்தது.

3. நீல டிரம்

கெம்பண்ணா கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் ஓர் ஏரியில் மீன் குத்தகை எடுத்திருந்தவர். போனில் விலையே கேட்கவில்லை. "கீறல் எஷ்டு உத்தா?" என்று நீளத்தைத்தான் கேட்டார்.

அவர் வரும் நாளன்று நான் விடியற்காலையிலேயே போய்விட்டேன். எங்கள் தொழிலில் பார்ட்டி வருவதற்குமுன் வண்டியைக் கழுவி, பாலிஷ் போட்டு, சுற்றிக் கிடக்கும் தட்டுமுட்டுச் சாமான்களை அகற்றிவிடுவோம். வந்தவுடன் எஞ்சினை ஸ்டார்ட் செய்து காட்டுவோம். அதுதான் முறை. என் கடை பேட்டரியை மாட்டினேன். புதுப் பெட்ரோல் ஊற்றினேன். படகின் பின்னால் பாதி அறுத்த பெரிய நீல டிரம் ஒன்று அசிங்கமாகக் கிடந்தது. அதைக் கொல்லைப்புறத்துக்கு உருட்டிவிட்டேன்.

கெம்பண்ணா கேட்டுக்குள் நுழைந்ததும் சாவியைத் திருப்பினேன். இரண்டு முறை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. அப்புறம் நான் சொன்ன சிங்க வசனம். த்ராட்டிலையும் ஏற்றினேன்.

"ஏய்! நில்லிசு! நில்லிசு!" என்று கத்திக்கொண்டு கெம்பண்ணா ஓடிவந்தார்.

நிறுத்தச் சொல்கிறார் என்பது எஞ்சின் சத்தத்தில் காதில் விழாமல், பாராட்டுகிறார் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். ரப்பர் கருகும் வாடை வந்தது. அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்த அம்மா, என்னைத் தள்ளிவிட்டுச் சாவியைத் திருகினார்.

"டிரம் எங்க தம்பி?"

அப்போதுதான் விஷயம் தெரிந்தது. கார் எஞ்சினுக்கு ரேடியேட்டர் உண்டு. இந்த எஞ்சினோ வெளியே இருக்கும் தண்ணீரை உறிஞ்சித்தான் தன்னைக் குளிரவைத்துக்கொள்ளும். உறிஞ்சும் பம்புக்குள் ஒரு ரப்பர் சக்கரம். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் அது வெந்துவிடும். சூசை சார் வீட்டில் ஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் மோட்டாரின் அடிப்பகுதியைத் தண்ணீர் நிரப்பிய அந்த டிரம்முக்குள் இறக்கிவிடுவார். பக்கத்தில் நின்று ஹோஸ் பைப்பில் தண்ணீர் பிடித்தவர் அம்மாதான்.

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். விற்பனை போயிற்று, இனி ரம்பம்தான் என்று நினைத்தேன். அம்மா கரண்டியைத் திண்ணையில் வைத்தார். கொல்லைக்குப் போய் டிரம்மை உருட்டிக்கொண்டுவந்து பழைய இடத்திலேயே வைத்தார்.

கெம்பண்ணா அதைப் பார்த்தார். பிறகு கீறலை விரலால் தடவினார்.

"எஜமான்ரு நல்லா வெச்சிருக்காரம்மா. ரப்பர்தானே, மாத்திக்கலாம். ஒன்றரை லட்சம் கொடுக்கறேன். டிரம்மும் வேணும்."

"டிரம்மும் சேத்துத்தான்" என்றார் அம்மா. "ஆனா ஒண்ணு. தண்ணியில விடுற அன்னைக்கு என்னைக் கூப்பிடணும்."

ரப்பர் சக்கரத்தைப் பெங்களூரில் தேடி வாங்கி மாட்டினோம். அந்தச் செலவு என் கமிஷனில் கழிந்தது. சிங்கத்துக்குத் தீனி போட்டதாக நினைத்துக்கொண்டேன்.

4. ஒரு ரவுண்டு

அம்மாவை ஏரிக்கு என் ஆம்னி வேனில் கூட்டிப்போனேன். மடியில் சாப்பாட்டுத் தூக்கு. கரைக்கு வந்ததும் வழக்கம்போல உட்கார்ந்துவிடுவார் என்று நினைத்தேன். தூக்கைக் கல்மேல் வைத்தார், புடவையை இழுத்துச் செருகினார், கெம்பண்ணாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தார்.

"நீங்களும் ஏறுங்க தம்பி. வித்த வண்டிய ஓட்டிப் பாக்க வேணாமா?"

எனக்கு நீச்சல் தெரியாது. லைஃப் ஜாக்கெட்டுக்குமேல், வேனில் கிடந்த என் பைக் ஹெல்மெட்டையும் மாட்டிக்கொண்டு ஏறினேன். கெம்பண்ணா சிரித்து முடிக்கவே கொஞ்ச நேரம் ஆனது.

படகு கிளம்பி மூக்கைத் தூக்கியதும் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அதனால் அம்மாவின் முகம் எப்படி இருந்தது என்று என்னால் சொல்ல முடியாது. தண்ணீர் தெறித்தது. நான் மாரியம்மனையும் அம்மா கும்பிடும் மாதாவையும் சேர்த்தே கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் அம்மாவின் குரல் மட்டும் கேட்டது.

"இன்னும் கொஞ்சம் வேகமா போங்க."

கண்ணைத் திறந்தபோது கரை வந்திருந்தது. அவருடைய ஒரு கை தண்ணீருக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. படகு நின்ற பிறகும் அதை எடுக்கவில்லை.

தம்பிகளே, இதில் பாடம் இதுதான். விலையை நாம் எப்படி வேண்டுமானாலும் போடலாம், டிராக்டர் கணக்கில்கூட. விற்கிறவர் எதற்காக விற்கிறார், யார் கையில் போகவேண்டும் என்று நினைக்கிறார் என்பதைக் கேட்காமல் விளம்பரம் எழுதாதீர்கள். கீறலைச் சொல்லுங்கள். பார்ட்டி வருவதற்குமுன் எதையும் கொல்லைப்புறத்துக்கு உருட்டாதீர்கள்.

திரும்பும் வழியில் அம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். ஈரக் கையைப் புடவையில் துடைக்காமல் மடியிலேயே வைத்திருந்தார். செக்போஸ்ட்டில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. என்னால் ஐந்து நிமிடத்துக்குமேல் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது.

"கெம்பண்ணா எப்ப வேணா வரச் சொல்லியிருக்காரும்மா. நீங்க ஊருக்குப் போறதுக்குள்ள, அடுத்த வாரம் இன்னொரு ரவுண்டு போலாமா?"

"அடுத்த வாரம்னு சொல்லாதீங்க தம்பி."