அறிவிக்காத சரக்கு

எம்.ஃபில். படித்தபோது நான் எடுத்துக்கொண்ட தலைப்பு, வெள்ளைக்காரர் காலத்துச் சென்னைத் துறைமுகத்தின் சுங்க விதிகள். அன்றைய சென்னையில் பெரிய கப்பல் கரைக்கு வர முடியாது. தள்ளி நங்கூரம் பாய்ச்சி நிற்கும். படகுகள் அலையைத் தாண்டிப் போய்ச் சரக்கை இறக்கி வரும். ஆனால் ஒரு மூட்டையைத் தொடுவதற்கு முன்னால், கப்பலில் என்னென்ன இருக்கிறது என்று கப்பல் தலைவன் சுங்கத்துக்கு அறிவித்தாக வேண்டும். அறிவிக்காதது அகப்பட்டால் பறிமுதல், அபராதம். தன் சமையல்காரன் அரிசி மூட்டைக்குள் உப்பை ஒளித்து வைத்தது தனக்குத் தெரியாது என்று ஒரு தலைவன் மனுப் போட்டிருந்தான். தெரியாது என்பது பதிலாகாது என்று தள்ளிவிட்டார்கள். எனக்கு அன்று அது ஓர் அடிக்குறிப்பு, அவ்வளவுதான்.

போன கோடையில் திருச்சியிலிருந்து நானும் மகனும் மட்டும் நியூஜெர்சிக்குத் திரும்பினோம். அவனுக்கு ஒன்றரை வயது. அவன் அமெரிக்கக் குடிமகன், நான் இல்லை. கிரீன் கார்டு விண்ணப்பம் பாதியில் நிற்கிறது. கிளம்புவதற்கு முந்தின வாரம் முழுக்க, விமான நிலையத்தில் தடுத்து நிறுத்தி என்னை ஓர் அறைக்குள்ளும் குழந்தையை வேறொருவர் கையிலும் வைத்துக் கற்பனை செய்துகொண்டே இருந்தேன். அதனால் நெவார்க் விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டைப் பார்த்தவர் சாப்பாட்டுப் பொருள் உண்டா என்று கேட்டபோது, மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். ஊறுகாய், பருப்புப்பொடி, சத்துமாவு. செடி, விதை, பழம் எதுவும் இல்லை. முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்.

பெட்டிகள் வரும் இடத்தில் மகன் நனைத்துவிட்டான். டயப்பர் எடுக்கத் தோள்பையைத் திறந்தேன். கருவேப்பிலை வாசனை வந்தது.

பையை அடுக்கியது அம்மா. நீ குழந்தையைத் தூங்க வை, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி வாங்கிக்கொண்டாள். இங்கே கடையில் கிடைக்கும் கருவேப்பிலை வாடிப்போய் இருக்கிறது என்று எப்போதோ போனில் புலம்பியிருக்கிறேன். வெளிநாட்டுக் கருவேப்பிலைக்கு இங்கே அனுமதி இல்லை என்பது நியூஜெர்சியில் உள்ள எல்லாத் தமிழ் வீட்டுக்கும் தெரியும். அம்மாவுக்கும் சொல்லியிருந்தேன். சொன்னேனா? சொன்னதாகத்தான் நினைவு.

கையை உள்ளே விட்டுப் பார்க்கப் பயமாக இருந்தது. தலைக்கு மேல் கேமரா. பத்தடியில் குப்பைத்தொட்டி. எடுத்துப் போட்டுவிட்டால் முடிந்தது என்று தோன்றிய அதே நேரத்தில், சுங்கப்படகைக் கண்டதும் மூட்டையைக் கடலில் தள்ளியவர்களைப் பற்றிப் படித்ததும் ஞாபகம் வந்தது. தள்ளியதே அவர்களுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. அறிவித்ததில் தவறு இருந்தால், சோதனை தொடங்குவதற்கு முன் தானாக வந்து திருத்துகிறவனிடம் கொஞ்சம் இரக்கம் காட்டியிருக்கிறார்கள். தொடங்கிய பிறகு யாரும் காது கொடுக்கவில்லை. அதை நம்பலாமா? அது செத்துப்போன ஒரு சாம்ராஜ்யத்தின் விதி. வெளியே என் கணவர் காத்திருந்தார். அவரைக் கேட்டால் பேசாமல் வா என்றுதான் சொல்வார். போனை எடுக்கக் கூடாது என்று சுவரில் எழுதியிருந்தது. எடுக்கவில்லை.

மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு, வெளியேறும் வாசலில் நின்ற அதிகாரியிடம் போனேன். உள்ளே நான் சொன்னது தப்பு, என் அம்மா பையில் கருவேப்பிலை வைத்திருக்கிறாள் என்று நினைக்கிறேன் என்றேன். நினைக்கிறீர்களா, தெரியுமா என்று கேட்டார். நினைக்கிறேன் என்றேன். பக்கத்து மேசைக்கு அழைத்துப் போனார்.

கையுறை போட்டுக்கொண்டு டயப்பர்களை ஒவ்வொன்றாக வெளியே வைத்தார். அடியில் ஒரு டயப்பர் மட்டும் உருண்டையாக, ரப்பர் பேண்டு சுற்றி இருந்தது. பிரித்தார். உள்ளே ஈரத்துணி. துணிக்குள், வேரோடும் மண்ணோடும் ஒரு கருவேப்பிலைக் கன்று.

இலை என்றுதானே சொன்னீர்கள் என்றார்.

திருத்திச் சொன்னதும் தப்பாகிவிட்டது. எனக்குத் தெரியாது என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. அதற்கு என்ன பதில் வரும் என்பதும் தெரியும். மகனை இறுக்கிப் பிடித்திருக்கிறேன் போல, அவன் அழுதான். பை என்னுடையது, மன்னியுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

அவர் கன்றை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டினார். என் பாஸ்போர்ட்டை வாங்கிக் கணினியில் எதையோ தட்டினார். நிறையத் தட்டினார். பிறகு, நீங்களே வந்து சொன்னதால் அபராதம் இல்லை, போகலாம் என்றார். என்ன பதிந்தீர்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பார்சிப்பனியில் இருக்கும் வீட்டுக்குப் போகும் வழியில் கணவர் சிரித்தார். "ஒரு செடிக்கா இப்படி நடுங்குற? உங்கம்மா பெரிய ஸ்மக்லர்தான் போ."

அம்மாவைக் கூப்பிட்டேன். அவள் முதலில் கேட்டது, "வாடாம வந்துச்சாடி?"

"எடுத்துட்டாங்கம்மா. ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ வைக்க விடுவியா? டயப்பர்ல தண்ணி நிக்கும்னுதான் அதுல சுத்துனேன்." பிறகு கேட்டாள். "உன்னை ஒண்ணும் பண்ணலியே? புள்ளைய?"

இல்லை என்றேன். அவள் அழுவது கேட்டது. திட்ட வேண்டும் என்று வைத்திருந்த எதையும் திட்டவில்லை.

இப்போது அம்மாவுக்கு விசா வந்திருக்கிறது. அடுத்த மாதம் தனியாக வருகிறாள். அவளுக்கு ஆங்கிலம் வராது. என் பெயரில் பதிந்ததை அவளிடம் கேட்பார்களோ, அம்மாவும் பெண்ணும் ஒரே விலாசம் என்று பார்த்து நிறுத்திவிடுவார்களோ என்று யாரிடம் கேட்பது? கேட்டால் அதுவும் எங்காவது பதிவாகுமோ? நேற்று போனில், என்ன கொண்டு வரட்டும் என்றாள். ஒன்றும் வேண்டாம், துணிமணி மட்டும் போதும் என்றேன். சத்துமாவுகூட வேண்டாமா என்றாள். வேண்டாம் என்றேன்.

பிறகு, "சரிடி" என்றாள்.

அந்தச் 'சரி'யை நான் நம்பவில்லை.