சூடு தாங்கும் பீங்கான் கனெக்டர்

எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தைக் காய வைக்கும் டிரையரின் விசிறி மோட்டாருக்குக் கரண்ட் போகும் கம்பிகள், அடுப்புச் சுவரை ஒட்டியே இணைந்திருந்தன. யார் அப்படி வைத்தார்களோ, புண்ணியவான். அங்கே பிளாஸ்டிக் கனெக்டர் போட்டால் மெழுகாக இளகிவிடும். டிரையர் நின்று, உள்ளே இருக்கும் தூள் கருகும். தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா என் பரம்பரையையே இழுத்துத் திட்டுவார். எலக்ட்ரீசியன் என்று இருந்தது நான் ஒருவன்தானே.

அந்த இடத்துக்குப் பீங்கான் கனெக்டர்தான் சரி. அதையும் சில மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அது இரத்தினபுரியில் ஒரு கடையில்தான் கிடைக்கும். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், அந்த ஒருநாள் பயணத்தை நினைத்தே நான் மாதங்களைத் தள்ளினேன். தோட்டத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் எனக்கு மேலே யாராவது ஒருவர் நின்றார். டவுனில் என்னை ஏனென்று கேட்க ஆளில்லை. கடையில் ஒவ்வொரு கனெக்டராகப் புரட்டிப் பார்ப்பேன். பீங்கானில் கீறல் இருக்கிறதா, உள்ளே பித்தளை தடிப்பாக இருக்கிறதா, திருகாணி அடிவரை இறங்குகிறதா. கடைக்காரர் சலித்துக்கொள்வார். நான் அவசரப்படமாட்டேன். வாங்கி முடித்தால் திரும்பிப் போக வேண்டுமே.

யுத்த காலம் அது. ஒருநாள் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, கலவானைக்குக் கீழே சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். என் பையில் கனெக்டர், சூட்டுக்குத் தாங்கும் வயர் ஒரு சுருள், டேப்.

"மேக்க மொகத்த?" இது என்ன என்று கேட்டார் அதிகாரி.

சிங்களம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. சுருக்கமாகச் சொல்லியிருக்கலாம். தொழில் பெருமை விடவில்லை. நல்ல சாமான் சேர், எவ்வளவு நெருப்பு இருந்தாலும் ஒன்றும் ஆகாது, கரண்ட் நிற்காமல் போகும் என்று அளந்து விட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. தேயிலைக்கு எதற்கு இவ்வளவு நெருப்பு என்றார். நான் விளக்க விளக்கச் சந்தேகம் கூடியது. இவ்வளவு சிங்களம் எங்கே படித்தாய் என்பது அடுத்த கேள்வி. பக்கத்து ஊர்ப் பையன்களோடு பந்தடித்துப் படித்தேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? பஸ் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது.

தகரக் கூரை போட்ட ஓர் அறையில் உட்கார வைத்தார்கள். இப்படிப் பிடிபட்டுத் திரும்பி வராதவர்களின் கதை, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்திலும் உண்டு. லயத்துக் காம்பராவில் சோறாக்கி வைத்துக் காத்திருக்கும் மனைவியை நினைக்கவே பயமாக இருந்தது.

பஸ் கண்டக்டர் தோட்டத்தில் தகவல் சொல்லியிருக்கிறார். பொழுது சாயும் நேரம் தோட்டத்து மேனேஜர் தொரையே ஜீப்பில் வந்தார். இவன் என் ஆள், நான் பொறுப்பு என்றார். என்னை விட்டார்கள். கனெக்டரைத் தரவில்லை.

ஜீப்பில் தொரை தமிழில் பேசினார். "இனி நீ வெளிய போக வாணாம். சாமான் எல்லாம் டிரைவர் வாங்கிட்டு வருவான். தோட்டத்துக்குள்ளயே இரு, அதான் பத்திரம்."

"சரிங்க தொரை," என்றேன். என் உயிரைக் காப்பாற்றிய மனிதர். நன்றியில் ஒரு குறையுமில்லை. ஆனாலும் தோட்டத்துக்குள்ளேயே இரு என்ற அந்த வார்த்தையைக் கேட்டு எனக்கு வந்த ஆத்திரம் இன்றும் முழுதாக அடங்கவில்லை.

மறுநாள் டிரைவரிடம் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினேன். அவர் வெள்ளை பிளாஸ்டிக் கனெக்டரை வாங்கி வந்து நீட்டினார். எல்லாம் ஒன்றுதானாம். அதை வீட்டில் சொன்னபோது மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உருகுனா உருகட்டுங்க. நானே போறேன்னு மட்டும் சொல்லிப்புடாதீங்க."

வேறு வழியில்லாமல் அதையே மாட்டினேன். டீமேக்கர் ஐயா பக்கத்தில் வந்து நின்று கேட்டார்.

"இது தாங்குமாப்பா? இல்லாட்டி சொல்லு, தொரைகிட்ட நான் பேசுறேன். நீயே போய்ப் பாத்து வாங்கிட்டு வா."

நான் ஆசைப்பட்டது அதற்குத்தான். போறேங்க என்று சொல்ல வாயெடுத்தேன்.

"தாங்குங்க ஐயா," என்றேன்.